எட்டு கிராம் உயிருக்கு எவ்வளவு இடம்?

முட்டையைக் கிழித்து வெளியே வந்த சோளப்பாம்புக் குட்டியின் எடை 5 முதல் 8 கிராம். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்தால் தெரியும் கனம்தான் அது. நீளம் பெரும்பாலும் ஓர் அடிக்குள் அடங்கிவிடும். தடிமன் பென்சிலைத் தாண்டாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளில் இது ஒன்று. ஆனாலும் இந்தக் குட்டியை எவ்வளவு பெரிய பெட்டியில் வைப்பது என்ற எளிய கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒத்த பதில் கிடைக்கவில்லை. செருப்புப் பெட்டி அளவுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும், அதைவிடப் பெரிதாக இருந்தால் குட்டி மிரண்டுபோய் இரையெடுக்காது என்கிறது ஒரு தரப்பு. அப்படி அடைத்து வைப்பதே கொடுமை என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள்.

வெளியே அளவு பற்றிய சண்டையாகத் தெரியும் இதன் அடியில் வேறொரு சண்டை இருக்கிறது. பேசாத, முகபாவம் இல்லாத ஓர் உயிர் நலமாக இருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? கீழே பார்க்கப்போகும் நிலைப்பாடுகள் ஒவ்வொன்றும் இதற்கு ஒரு விடையை, பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லாமலே, எடுத்துக்கொண்டுதான் புறப்படுகின்றன.

பெயரும் ஊரும்

சோளம் என்பது இங்கே மக்காச்சோளம். வயிற்றுப்புறக் கட்டங்கள் அமெரிக்கப் பூர்வகுடிகள் பயிரிட்ட பலநிற மக்காச்சோளக் கதிரை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்பார்கள். கதிர் சேமிக்கும் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் என்றும் சொல்வார்கள். 1766இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டார். அதில் வரும் குட்டாட்டஸ் என்றால் புள்ளிகள் கொண்டது. நெடுங்காலம் எலாஃபே என்ற பேரினத்தில் இருந்த இதை 2002ஆம் ஆண்டின் மரபணு ஆய்வுக்குப் பிறகு பாந்தெரோஃபிஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். நம் சாரைப்பாம்பு இருக்கும் கொலுப்ரிடே குடும்பம்தான் இதற்கும். நஞ்சு கிடையாது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும்.

சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு: நியூ ஜெர்சியின் பைன் காடுகள் தொடங்கிக் கீழே ஃபுளோரிடா முனைத் தீவுகள் வரை. பட்டுப்போன பைன் மரத்தின் அடிக்கட்டை, உரிந்து தொங்கும் பட்டையின் உள்பக்கம், எலி வளை, பாழடைந்த கொட்டகை ஆகியவை இது ஒளியும் இடங்கள். பகலின் பெரும்பகுதி கண்ணில் படாது. அந்தியிலும் இரவிலும் வெளியே வரும். பெரிய பாம்புக்கு எலியும் பறவையும் உணவு. குட்டிக்கோ சிறு பல்லிகளும் மரத்தவளைகளும்தான். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், வீட்டில் குட்டி வளர்ப்பவர்களின் பாதித் தலைவலி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

தோல் மருத்துவரும் டப்பா அடுக்கும்

1953இல் வட கரோலினாவில் கறுப்பு நிறமி இல்லாத ஆண் சோளப்பாம்பு ஒன்று பிடிபட்டது. ஜார்ஜியா மாநிலத்துத் தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெல் அந்த வழியில் குட்டி எடுத்தார். 1961இல் கூண்டிலேயே பொரித்த நிறமியற்ற குட்டிகள் கிடைத்தன. பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் இந்நிறம் வெளிப்படும் என்று அவரும் அவர் மனைவியும் அடுத்த ஆண்டு எழுதினார்கள். தோல் நிறமியைத் தொழிலாகக் கொண்டவர் பாம்பின் நிறத்தில் போய் நின்றது இயல்புதான். அதன் விளைவு அவர் எண்ணியதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். அடுத்தடுத்து நிறங்கள், கோலங்கள், கலப்புகள் வந்தன; காட்டில் பிடிப்பது குறைந்து, வீட்டில் பொரிப்பது தொழிலாயிற்று.

ஒரு பெட்டை ஒரு பருவத்தில் பத்திலிருந்து முப்பது வரை முட்டையிடும். ஏறக்குறைய 28 பாகை செல்சியஸில் இரண்டு மாதத்தில் பொரிக்கும். பத்துப் பெட்டைகள் வைத்திருப்பவர் வீட்டில் ஆகஸ்ட் மாதம் நூற்றைம்பது குட்டிகள் இருக்கக்கூடும். எது எந்தப் பெற்றோருடையது, எது எத்தனை முறை இரையெடுத்தது என்று கணக்கு வைத்தாக வேண்டும். ஒன்றை ஒன்று விழுங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில். டப்பாக்கள் அலமாரி இழுப்பறை போல அடுக்கில்; அடியில் ஒரே சூட்டுப் பட்டை. டப்பாவின் ஓரத்தில் சுடுகம்பியால் போட்ட காற்றுத் துளைகள். உள்ளே காகிதத் துண்டு ஒன்று, டாய்லெட் காகிதச் சுருளின் உள்அட்டையில் பாதி, தண்ணீருக்குப் பாட்டில் மூடி போல ஏதாவது. அவ்வளவுதான் வீடு.

இந்த அமைப்பைப் பாம்பின் தேவையை ஆராய்ந்து யாரும் வடிவமைக்கவில்லை. எண்ணிக்கை கேட்ட அமைப்பு இது. பின்னாளில் இதற்குக் கிடைத்த நியாயங்களில் சில உண்மையானவை என்பது வேறு விஷயம்.

சிறு டப்பாவின் வாதம்

அந்த நியாயங்களில் முதலாவது பாதுகாப்பு உணர்வு. இந்தக் குட்டிக்குப் பறவை, பெரிய பாம்பு, மரநாய் என எல்லாமே எதிரி. திறந்த வெளி அதற்கு ஆபத்தின் மறுபெயர். வளர்ந்த பாம்புக்குரிய கண்ணாடித் தொட்டியில் விட்டால் ஒரு மூலையில் சுருண்டு, கை கிட்டே போனால் கழுத்தை வளைத்து வாலை நடுக்கும். காய்ந்த இலையில் வால் பட்டால் கிலுகிலுப்பை போல ஒலிக்கும். வாரக்கணக்கில் இரையைத் தொடாமலும் போகலாம். அதே குட்டியைச் சிறு டப்பாவுக்கு மாற்றியதும் அன்றிரவே இரையெடுத்தது என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். இவ்வளவு பேர் சொல்வதை வெறும் கற்பனை என்று தள்ளுவது கடினம்.

இரண்டாவது நியாயம் நடைமுறை. சிறு டப்பாவில் இரை கண்முன்னே கிடக்கும், கழிவு உடனே தெரியும், கக்கியிருந்தால் தெரியும், தப்பி ஓடும் வழி குறைவு. சோளப்பாம்புக் குட்டி தலை நுழையும் எந்த இடைவெளியிலும் உடலை இழுத்துக்கொண்டு போய்விடும். பெரிய தொட்டியின் நெகிழ் மூடி அதற்குக் கதவு திறந்து வைத்ததற்குச் சமம்.

இறுக்கமும் இருளும் பாம்பை அமைதிப்படுத்தும் என்பது நமக்கும் புதிய செய்தி கிடையாது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நஞ்செடுக்கும் பாம்புகளை வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில்தான் வைக்கிறது. ஆனால் அங்கே பாம்பு இருப்பது மூன்று நான்கு வாரங்கள். பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். பானையின் பாடம் வாரக் கணக்குக்கு உரியது. அதை ஆண்டுக் கணக்குக்கு நீட்டும்போதுதான் கேள்வி எழுகிறது.

சிறு டப்பா வாதத்தின் பலவீனமும் இங்கேதான். பெரிய தொட்டியில் இரையெடுக்காத குட்டி, டப்பாவில் எடுத்தது என்றால் மாறியது அளவு மட்டும்தானா? கண்ணாடி நாற்புறமும் தெரியும், டப்பா மங்கலானது. தொட்டியில் ஒரே ஒளிவிடம், அதுவும் பெரும்பாலும் பெரிய பாம்புக்கு ஏற்ற அகலத்தில். டப்பாவிலோ முதுகும் விலாவும் எப்போதும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும். சூடும் சீராக இருக்கும். இத்தனையும் ஒன்றாக மாறிய பிறகு, காரணம் சிறுமைதான் என்று முடிவு கட்டுவது அவசரம். மேலும், இந்த வாதத்துக்கு நலத்தின் அளவுகோல் ஒன்றே ஒன்று: இரையெடுக்கிறதா, வளர்கிறதா? விற்பனைக்கு அது போதுமான அளவுகோல். ஆனால் பாம்பு பட்டினியை மாதக்கணக்கில் தாங்கும் உயிர், மோசமான சூழலிலும் இரை கிடைத்தால் விழுங்கும் உயிர். உண்கிறது என்பதிலிருந்து நலமாக வாழ்கிறது என்ற முடிவுக்குப் போகும் வழி, பாலூட்டிகளில் இருப்பதைவிட இங்கே நீளமானது.

நீட்டிப் படுக்கும் உரிமை

எதிர்த்தரப்பின் வேரை ஹைனி ஹெடிகர் வரை கொண்டுபோகலாம். சுவிட்சர்லாந்து விலங்குக் காட்சிச் சாலைகளை நடத்திய அவர், 1942இல் வந்த நூலில், அடைபட்ட விலங்குக்கு இடத்தின் அளவைவிட இடத்தின் தன்மையே முக்கியம் என்று வாதிட்டார். பிற்காலத்தில் பெரிய இடம் கேட்டவர்களும் சிறிய இடத்தை நியாயப்படுத்தியவர்களும் அவரையே துணைக்கு அழைத்தார்கள் என்பது சற்றே வேடிக்கை.

அளவை எண்ணாக்கும் முயற்சி பின்னர் வந்தது. ஜெர்மனி 1997இல் ஊர்வன வளர்ப்புக்கான குறைந்தபட்ச அளவுகளை, உயிரின் உடல் நீளத்தின் மடங்குகளாக வகுத்தது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் எண் எதுவும் சொல்லாமல், ஏற்ற சூழலும் இயல்பான நடத்தைக்கு இடமும் தருவது வளர்ப்பவரின் கடமை என்றது. 2019இல் கிளிஃபர்ட் வார்விக்கும் உடன் எழுதியவர்களும் பாம்புகளுக்கான இட அளவு பற்றி வெளியிட்ட கட்டுரைதான் விவாதத்தைச் சூடாக்கியது. பாம்பு சுருண்டு கிடக்கும் உயிர், அதற்கு நீளம் தேவையில்லை என்ற பழைய நம்பிக்கையை அவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஒரு மணி நேரம் கவனித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பாம்புகள் உடலை நேராகவோ ஏறக்குறைய நேராகவோ நீட்டியதைப் பதிவு செய்தார்கள். முழு நீளத்துக்கும் நீட்ட முடியாத பெட்டி பாம்புக்கு ஏற்றதாகாது என்பது அவர்கள் முடிவு.

இதை மறுப்பவர்கள் கேட்பது: நீட்டுவது தேவையா, அல்லது நடந்து போகும்போது நேரும் ஒரு நிலையா? ஒருமுறை செய்வதெல்லாம் அடிப்படைத் தேவையாகிவிடுமா? வார்விக் நெடுங்காலமாகவே ஊர்வன வணிகத்தை எதிர்ப்பவர் என்பதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். இந்தக் கடைசி வாதத்துக்கு அதிக எடை கொடுக்க வேண்டியதில்லை. வணிகம் செய்பவர்களின் சாட்சியத்தையும் அதே காரணத்தால் தள்ள வேண்டிவரும்.

குட்டியைப் பொறுத்தவரை இந்தச் சண்டையில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. செருப்புப் பெட்டி அளவு டப்பாவின் நீளம் 30 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். புதிதாகப் பொரித்த குட்டியின் நீளம் பெரும்பாலும் அதற்குள்தான். நீட்டிப் படுக்கும் உரிமையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாலும் முதல் வாரத்தில் டப்பா தோற்காது. குட்டி நன்றாக உண்டால் ஓராண்டில் பிறந்த நீளத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வளரும், டப்பா வளராது. ஆகவே கேட்க வேண்டியது எவ்வளவு பெரிய பெட்டி என்பதைவிட, எப்போது மாற்றுவது என்பதாக இருக்கலாம். இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான வயதைக் காட்டியே பேசுகின்றன: ஒன்று முதல் மாதத்தை, மற்றொன்று மூன்றாம் ஆண்டை.

சோதனைச் சாலையிலிருந்து

கருத்துகளைத் தாண்டிச் சோதனைகள் வரத் தொடங்கியது அண்மையில்தான், அதுவும் குறைவாக. 1999இல் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழு இளம் சோளப்பாம்புகளை வட்ட அரங்கு ஒன்றில் விட்டது. வெளிச்சம் நிறைந்த தரை; சுற்றிலும் துளைகள்; ஒன்றில் மட்டும் உள்ளே போய் ஒளிய இடம். சில நாள் பயிற்சியிலேயே பாம்புகள் அந்தத் துளையை விரைவாகக் கண்டுபிடிக்கத் தொடங்கின. இடத்தைக் கற்று நினைவில் வைக்கும் திறன் இளம் பாம்புக்கே உண்டு என்றால், கற்பதற்கு எதுவுமே இல்லாத டப்பா அந்தத் திறனை என்ன செய்கிறது என்ற கேள்வி தானாக வருகிறது. சோதனை அதற்கு விடை சொல்லவில்லை. கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்கியது. பாம்பு தேடிப் போனது திறந்த வெளியை அன்று, ஒளிவிடத்தை என்பதையும் மறக்கக்கூடாது.

2006இல் ஆல்ம்லியும் கோர்டன் பர்கார்டும் சோளப்பாம்பின் நெருங்கிய உறவான அமெரிக்கச் சாரை இனத்தை இரு வகையில் வளர்த்துப் பார்த்தார்கள்: வெறும் கூண்டில் சில, கிளையும் மண்ணும் மறைவும் உள்ள கூண்டில் சில. வளமான சூழலில் வளர்ந்தவை புதிய சூழ்நிலைக்கு எளிதில் பழகின. இதை வளமூட்டல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதையே பர்கார்ட் கேள்வி கேட்டவர். நாம் கொடுப்பது உபரி இன்பமா, அல்லது நாமே பறித்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தருவதா என்பது அவர் எழுப்பிய ஐயம்.

சோளப்பாம்பையே நேரடியாக எடுத்துக்கொண்டவை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வுகள். 2021இல் ஹோஃபுர்ட்னர் குழு வெளியிட்ட இரண்டில் ஒன்று வளமான பெட்டியையும் எளிய பெட்டியையும் ஒப்பிட்டது. மற்றொன்று உடலை நீட்ட முடிந்த பெட்டியையும் முடியாத பெட்டியையும் ஒப்பிட்டது. தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்தபோது பாம்புகள் வளமானதையும் பெரியதையும் நாடின; பெரிய பெட்டியில் கூடுதலாக நடமாடின. அதே ஆண்டு ஜெர்மனியில் பந்து மலைப்பாம்புகளை டப்பா அடுக்கிலும் கண்ணாடித் தொட்டியிலும் வைத்துப் பார்த்த ஹாலண்ட் குழு, ஏறுதல், வெயில் காய்தல் போன்றவை தொட்டியில்தான் தெரிந்தன என்றது.

இவை சிறு டப்பா வாதத்தின் பரந்த வடிவத்தை, அதாவது பாம்புக்கு இடம் பொருட்டே இல்லை என்பதை, பெரிதும் அசைத்துவிட்டன என்றே தோன்றுகிறது. ஆனால் குறுகிய வடிவத்தை, முட்டையிலிருந்து வந்த முதல் வாரங்களுக்குச் சிறிய இடம் நல்லது என்பதை, இவை தொடவில்லை. பாம்புகளின் எண்ணிக்கையும் குறைவு. பெரிய பெட்டியில் கூடுதலாக நடமாடுவது நல்ல அறிகுறியா, அமைதியின்மையா என்பதும் சில வேளை பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. தெரிவுச் சோதனை ஓரளவு இதைத் தீர்க்கிறது, முழுமையாக அன்று.

இரையைத் தொடாத குட்டி

முட்டைக்குள்ளிருந்து குட்டி உடனே வந்துவிடாது. மேலுதட்டின் முனையில் உள்ள சிறு பல்லால் தோல் போன்ற ஓட்டைக் கீறி, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, சில வேளை ஒருநாள் முழுக்க அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே வந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும். அதுவரை வயிற்றில் கருவுணவு மிச்சம் உண்டு, பசி தெரியாது. சட்டை உரித்த பிறகு முதல் இரை: மயிர் முளைக்காத, கண் திறக்காத எலிக்குஞ்சு. வளர்ப்பவர்கள் பிங்கி என்பார்கள். உறையவைத்து, பிறகு வெந்நீரில் இளக்கியது.

பெரும்பாலானவை எடுத்துக்கொள்ளும். எடுக்காதவைதான் நூற்றுக்கணக்கான உத்திகளுக்குத் தாய். இரையைக் கழுவி எலி வாடையைப் போக்குவது, தலையைக் கீறி மூளையின் மணம் வரச் செய்வது, சிறு கிண்ணத்தில் குட்டியையும் இரையையும் மூடி இரவு முழுக்க விடுவது எனப் பட்டியல் நீளும். இவற்றில் அனோல் என்னும் சிறு பல்லியின் உடலில் எலிக்குஞ்சைத் தேய்த்துக் கொடுப்பதற்குத்தான் ஓரளவு அறிவியல் ஆதரவு இருக்கிறது. இரை அனுபவமே இல்லாத கார்ட்டர் பாம்புக் குட்டிகள் தங்கள் இனத்தின் இயல்பான இரையின் சாற்றை நாக்கால் அடையாளம் காணும் என்று பர்கார்ட் 1960களிலேயே காட்டினார். பல்லி தின்னப் பிறந்த குட்டியிடம் எலியை நீட்டுவது நம் வசதிக்காக. அது மறுப்பதில் பிடிவாதம் எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் போதிய அளவு பேசப்படுவதில்லை: பருவம். தென்கிழக்கு அமெரிக்காவில் முட்டைகள் கோடையின் பின்பகுதியில் பொரிக்கின்றன. சில வாரங்களில் குளிர் தொடங்கும். காட்டுக் குட்டிகளில் பல, ஓரிரு பல்லியோடு அல்லது வெறும் வயிற்றோடு குளிர்கால முடக்கத்துக்குப் போயிருக்கும் என்று ஊகிப்பது பொருத்தமே. நவம்பரில் இரை மறுக்கும் வீட்டுக் குட்டி, பெட்டி பெரிதாக இருப்பதால்தான் மறுக்கிறது என்று எப்படிச் சொல்வது? வெப்பம் குறைவாக இருக்கலாம். சட்டை உரிக்கும் முன் கண் பால்நிறமாகி இருக்கலாம். நாள்தோறும் கையில் எடுத்துக் கொஞ்சியிருக்கலாம். அளவைக் குற்றவாளியாக்குவது எளிது. அதை மாற்றுவதும் எளிது.

இரையின் அளவில் ஓரளவு உடன்பாடு உண்டு: பாம்பின் மிகத் தடித்த பகுதியின் பருமன், அல்லது அதில் ஒன்றரை மடங்கு, ஐந்திலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை, உண்ட பின் இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது. கக்கிவிட்டால் பத்துப் பதினைந்து நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்ததை முன்னதைவிடச் சிறிதாகத் தர வேண்டும். உண்பதற்கு வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கையையே இரையென்று நினைக்கும் என்ற பழைய அறிவுரை செல்வாக்கு இழந்து வருகிறது. இரை விழுங்கிய குட்டியைத் தூக்கி மாற்றுவதே கக்குவதற்குக் காரணமாகலாம்.

சூடு, ஈரம், ஒளி

வெப்பத்தில் பெரிய சச்சரவு இல்லை. பெட்டியின் ஒரு முனை 29 முதல் 31 பாகை, மறுமுனை 22 முதல் 25. இரண்டு முனையிலும் ஒளிவிடம் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் குட்டி சூட்டையும் மறைவையும் ஒன்றை விட்டு மற்றதைத் தேர்வது போல ஆகிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுப் பட்டை குட்டியின் வயிற்றைச் சுட்டுவிடும். சிறு டப்பா வாதம் இங்கே மீண்டும் சறுக்குகிறது: ஓரடி டப்பாவில் இந்த வேறுபாட்டைக் காப்பது எளிதன்று. முழு டப்பாவும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் குட்டி தப்பிக்க இடமில்லை. ஈரப்பதமும் அப்படியே, உடல் சிறியதாக இருப்பதால் குட்டி விரைவில் உலர்ந்துவிடும். ஈரமான பாசி வைத்த ஒரு மறைவிடம் இருந்தால் சட்டை ஒரே துண்டாக உரியும். இல்லாவிட்டால் வால் நுனியில் வளையமாக ஒட்டிக்கொண்டு நுனியையே சாகடிக்கும்.

புற ஊதா ஒளி பற்றிய கருத்து மாறிக்கொண்டிருக்கிறது. இரவில் திரியும், எலியை முழுதாக விழுங்கும் பாம்புக்கு அது தேவையில்லை என்பது பழைய முடிவு. 2008இல் ஆசியர்னோ குழு, புற ஊதா விளக்குக்கு உட்பட்ட சோளப்பாம்புகளின் இரத்தத்தில் வைட்டமின் டி அளவு கூடியதைக் காட்டியது. பந்து மலைப்பாம்பில் அதே போன்ற ஆய்வு அந்த விளைவைக் காணவில்லை. உடல் அதைப் பயன்படுத்த முடியும் என்பது சோளப்பாம்பில் தெரிந்துவிட்டது; இல்லாவிட்டால் என்ன கெடும் என்பது தெளிவாகவில்லை. நிறமியற்ற குட்டிகளுக்கு அதே ஒளி கேடாகுமா என்பதும் கூடவே வரும் கவலை.

தனிமை

இளம் சோளப்பாம்புகளைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதில் ஏறக்குறைய எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். உடன்பிறந்ததை விழுங்கிய குட்டி பற்றிய செய்திகள் உண்டு; எது கக்கியது, எது நோயுற்றது என்று தெரியாமல் போகும். சில கார்ட்டர் பாம்புகள் துணை நாடும் என்ற அண்மைய ஆய்வுகளைக் கொண்டு இதைத் தளர்த்தப் பார்ப்பவர்கள் உண்டு. இனம் வேறு, வாழ்முறை வேறு. அந்த ஒப்புமை இன்னும் மெலிந்த நூலில்தான் தொங்குகிறது.

இறப்புக் கணக்கு

வளர்ப்பு முறைகளில் எது சரி என்பதை இறப்பு விகிதம் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அங்கும் இரு எண்கள் மோதுகின்றன. 2012இல் வணிக எதிர்ப்பாளர்கள் எழுதிய கட்டுரை, வீட்டுக்கு வரும் ஊர்வனவற்றில் முக்கால் பங்கு ஓராண்டுக்குள் இறப்பதாகச் சொன்னது. 2015இல் பிரிட்டனில் ராபின்சன் குழு, பதிலளிப்பவர் உண்மையை மறைக்கத் தேவையில்லாதபடி அமைந்த ஒரு கேள்வி முறையில் வளர்ப்பவர்களைக் கேட்டு, 3.6 விழுக்காடு என்றது. போவா, மலைப்பாம்பு வகைகளில் அது இன்னும் குறைவு. பச்சோந்திகளில் மிக அதிகம். இரண்டாவதன் முறை மேலானது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் ஊர்வனக் கண்காட்சிக்கு வரும் அளவு ஆர்வமுள்ளவர்கள்; பிறந்தநாள் பரிசாக ஒரு குட்டியை வாங்கி மூன்று மாதத்தில் மறந்துவிட்டவர் அங்கே வந்திருக்க மாட்டார். விற்பனைக்கு முன்பே, குட்டி எடுப்பவர் வீட்டிலேயே இரை மறுத்து இறப்பவை இந்த எந்தக் கணக்கிலும் இல்லை. நம் கேள்விக்குத் தேவைப்படுவது அந்த எண்தான்.

சட்டத்தின் ஓரங்கள்

இந்தியாவில் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைபட்டது. அயல்நாட்டுச் சோளப்பாம்பு அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது; ஆனாலும் கடத்தல் வழியாகவும் வருகிறது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் சுங்கத்துறை கைப்பற்றிய பாம்புகளில் சோளப்பாம்பும் இருந்திருக்கிறது. துணிப்பையில் முடிச்சிட்டு, பெட்டிக்குள் அடுக்கிய அந்த இடத்தைப் பற்றி எந்தத் தரப்பும் விவாதிக்கப் போவதில்லை. தாயகத்திலும் ஒரு முரண் உண்டு: பெக்டெல் வாழ்ந்த ஜார்ஜியா மாநிலத்தில் இன்று உள்ளூர் நஞ்சில்லாப் பாம்பை உரிமமின்றி வீட்டில் வைப்பது குற்றம்.

திறந்திருப்பவை

இதுவரை கிடைத்துள்ள சான்றுகளை வைத்து, வளர்ந்த சோளப்பாம்பை உடலை நீட்ட முடியாத வெறும் டப்பாவில் வாழ்நாள் முழுக்க வைப்பதற்கு வலுவான ஆதரவு இல்லை என்று சொல்லலாம். குட்டியின் முதல் வாரங்களுக்கு அதே உறுதியோடு எதையும் சொல்ல முடியவில்லை. பெரிய தொட்டியில் குட்டி தோற்றுப்போவதாகச் சொல்லப்படும் நிகழ்வுகளில் பலவற்றில் தொட்டி பெரிதாக இருந்ததோடு வெறுமையாகவும் இருந்தது. இலைச்சருகும் பட்டையும் நெருக்கமான மறைவுகளும் நிறைந்த பெரிய தொட்டியில் குட்டி எப்படி இருக்கும் என்பதை முறையாக ஒப்பிட்ட சான்று கண்ணில் படவில்லை. மறைவுதான் தேவை, சிறுமை அதற்கு மலிவான மாற்று என்ற ஊகம் இங்கே வலுவானதாகத் தோன்றுகிறது. அது இன்னும் ஊகம்தான். தொடக்கத்தில் வெறும் டப்பாவில் கழிந்த மாதங்கள் பின்னாளைய நடத்தையில் தழும்பு விடுமா, எந்த நீளத்தில் இடம் மாற்றுவது நல்லது என்பவையும் அப்படியே நிற்கின்றன.

இவற்றைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரே பெட்டையின் ஒரே முட்டைத் தொகுதியில் வந்த குட்டிகளில் பாதியை மறைவு நிறைந்த சிறு டப்பாவிலும், மறு பாதியை அதே அடர்த்தியில் மறைவு வைத்த பெரிய பெட்டியிலும், ஒரே சூட்டில், ஒரே இரையில், ஈராண்டு வைத்துப் பார்த்தால் போதும். அதற்கு வேண்டிய எண்ணிக்கையில் குட்டிகள் பல்கலைக்கழகங்களில் இருப்பதில்லை. ஆகஸ்ட் மாதம் நூற்றைம்பது டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பவர்களிடம் இருக்கின்றன.